நொடிக்குப் பதினோராயிரம் கிலோமீட்டர்

தராசுக்காரர் தன் மனைவியின் அண்ணனுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் கடன்பட்டிருந்தார். இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. சீட்டாடி விட்ட பணமில்லை, மாடி மேல் மாடி கட்டிய பணமுமில்லை. மகளை வானியற்பியலில் பட்டப்படிப்பு படிக்க வைக்க, மூன்று வருடக் கட்டணத்துக்கு ஒரே தவணையில் வாங்கிய கடன்.

தராசு பழுது பார்ப்பது அவர் தொழில். கடைத்தெருவின் கோடியில், பூட்டுக்கடைக்கும் தையற்கடைக்கும் நடுவே, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய கடை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் அவர் பள்ளிக்கூடப் படி ஏறியதில்லை. பன்னிரண்டு வயதில் எடைக்கல் துடைக்கப் போனார். இருபத்தெட்டில் சொந்தப் பெயர்ப்பலகை மாட்டினார். யாரும் கை தூக்கிவிடவில்லை, தூக்கிவிடச் சொல்லி அவர் யாரிடமும் கை நீட்டவுமில்லை. நகைக்கடைக்காரர்கள் வண்டி அனுப்பி அவரை அழைத்துப் போவார்கள். ஒரு தாளில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கரியின் எடையும் அவர் கையில் தெரியும் என்று தெருவில் பேச்சு. கொஞ்சம் கூடுதலான பேச்சுதான். ஆனால் அவர் மறுத்ததில்லை.

ஒரு முறை முத்திரை அதிகாரி வந்து, "உங்க கை பட்ட தராசா? அப்ப சோதிக்கவே வேணாம்" என்று சொல்லி முத்திரையை ஓங்கினார். தராசுக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "சோதிச்சிட்டுக் குத்துங்க ஐயா. என்னை நம்புறதுக்காகவா அரசாங்கம் உங்களுக்குச் சம்பளம் குடுக்குது?" என்றார். அதிகாரிக்கு முகம் கறுத்துவிட்டது. அப்படிப்பட்ட மனிதர்.

மச்சானுக்கு இரும்புக்கடை. ஆணி, கம்பி, தகடு, குழாய் எல்லாம் மொத்த வியாபாரம். கடை வாசலில் ஆளே ஏறி நிற்கக்கூடிய பெரிய மேடைத் தராசு ஒன்று உண்டு. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மச்சான் அவரைத் தனியே அழைத்து, "மாப்ள, அம்பது கிலோவுக்கு ஒரு இருநூறு கிராம் நம்ம பக்கம் சாயுற மாதிரி வச்சுக் குடேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். தராசுக்காரர் திருப்புளியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டுக் கூலி வாங்காமல் வந்துவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் விசேஷத்துக்கு விசேஷம் பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்த வாசலுக்கே போய்ப் பணம் கேட்கும்படி ஆனது. வங்கிக்காரன், "என்ன படிப்பு? வேலை கிடைக்குமா?" என்று கேட்டுப் படிவத்தைத் திருப்பித் தள்ளிவிட்டான். மகளோ வேறு எதையும் படிக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வீட்டில் முள்ளு என்று பெயர். தராசு முள்ளைப் போல நேராக நிற்பாள், எந்தப் பக்கமும் சாயமாட்டாள். பிடிவாதத்துக்கு வைத்த பட்டப்பெயர் நாளடைவில் கூப்பிடும் பெயராகவே ஆகிவிட்டது.

மச்சான் கல்லாவுக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, கேட்டதும் சிரித்தார். "வானத்தைப் படிச்சு என்ன பண்ணப் போறா மாப்ள? அங்க போய்க் கடையா போடப் போறா? கணக்கு வழக்கு படிக்கச் சொல்லு, நாளைக்கே என் கடையில வேலை."

"அவ அதைத்தான் படிப்பேங்கறா மச்சான்."

"சரி, தர்றேன். தங்கச்சி மகளாச்சே. வட்டி வேணாம். ஆனா ஒரு பேச்சு. மூணே வருஷத்துல, ஒரே மூச்சுல பாஸ் பண்ணணும். ஒரு பேப்பர் தவறினாலும் படிப்பு போதும், என் கல்லாவுல வந்து உக்காரணும். கடன் கழியுற வரைக்கும்."

தராசுக்காரருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. "சரி" என்றார். யோசித்துச் சொன்ன சரியில்லை; மீசை சொன்ன சரி. வட்டி வேண்டாம் என்ற மச்சான் அந்த வட்டியைப் பேச்சாக வசூலித்துக்கொண்டார். மாதா மாதம் முதல் ஞாயிறு நாலாயிரம் கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம், "என்ன, உன் மக எத்தனை நட்சத்திரம் எண்ணி முடிச்சா?" என்பார், கடையிலிருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி.

படிப்பு என்னவோ நட்சத்திரம் எண்ணுகிற படிப்பாக இல்லை. முதல் வருடம் முழுக்கக் கணக்கு. இரண்டாம் வருடம் அதைவிடக் கணக்கு. "நட்சத்திரப் படிப்புங்கறே, காலையில ஒம்பது மணிக்குப் போயி சாயங்காலம் வந்துடுறே. எப்பத்தான்டி வானத்தைப் பாப்பீங்க?" என்று அவள் அம்மா கேட்டாள். "அதுக்கு இன்னும் நாலு பரீட்சை இருக்கும்மா" என்றாள் முள்ளு. தையற்கடைக்காரர் ஒரு நாள் உள்ளங்கையை நீட்டி, "பாப்பா, எனக்கு வெளிநாட்டு யோகம் இருக்கா பாரு" என்றார். "இருக்கு மாமா. ஆனா உங்க தையல் மெஷினுக்கு இல்ல. அது இங்கயே இருந்து என் பாவாடையைத் தைச்சுக் குடுக்கணும், ரெண்டு மாசமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தராசுக்காரரை மடக்கிப் போட்டது ஒரே ஒரு விஷயம். இரண்டாம் வருடம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: வானத்தில் சில நட்சத்திரங்கள் ஜோடியாக இருக்குமாம். ஒன்றை ஒன்று சுற்றுமாம். எது எவ்வளவு தூரம் தள்ளிச் சுற்றுகிறது, எத்தனை நாளில் சுற்றுகிறது என்று பார்த்தால் இரண்டின் எடையும் தெரிந்துவிடுமாம்.

அவர் பிசைந்த கையோடு அப்படியே இருந்தார். "தராசு இல்லாமலா?"

"அதுங்களேதான் தராசுப்பா. கனமானது நடுவுக்குக் கிட்ட சுத்தும், லேசானது தள்ளிச் சுத்தும்."

மறுநாள் கடைக்கு வந்தவர்களெல்லாம் மாட்டிக்கொண்டார்கள். பழக்கடைக்காரன் ஸ்பிரிங் மாற்ற வந்தான். அவனுக்கு அரை மணி நேரம் நட்சத்திர எடை. "என் மக நட்சத்திரத்தை எடை போடுவா. நீ ஒரு கிலோ திராட்சைக்கு முழுசா ஒரு கிலோ போடுறியா?" என்று கேட்டு அனுப்பினார்.

மூன்றாம் வருடம் கடைசிப் பருவத்தில்தான் வில்லங்கம் வந்தது.

கல்லூரிச் சோதனைக்கூடத்தில் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. அதன் நடுவே சின்னச் சட்டத்தில் ஒரு கண்ணாடி, கிரேட்டிங் என்பார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத நெருக்கத்தில் கோடுகள் கீறியிருக்கும். ஒரு அங்குலத்துக்குப் பதினைந்தாயிரம் கோடு என்று சட்டத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஒளி எந்தக் கோணத்தில் திரும்புகிறது என்று அளந்து, அந்தக் கோட்டுக் கணக்கைச் சேர்த்தால், நிறத்துக்கு ஒரு எண் வரும். சோடியம் விளக்கின் மஞ்சளுக்கு ஐந்நூற்று எண்பத்தொன்பது. புத்தகத்தில் அச்சடித்திருக்கும் எண் அது. உலகம் முழுக்க அதே எண். சூரிய ஒளியைக் கண்ணாடியால் திருப்பி உள்ளே விட்டால், மஞ்சளுக்கு நடுவே அதே இடத்தில் மெல்லிய கருங்கோடு தெரியும். சூரியனிலும் சோடியம் இருப்பதற்கு அத்தாட்சி. அந்தக் கோடு சின்ன எண் பக்கம் நகர்ந்திருந்தால் ஒளி வீசும் பொருள் நம்மை நோக்கி வருகிறது. பெரிய எண் பக்கம் நகர்ந்திருந்தால் விலகிப் போகிறது. எவ்வளவு வேகம் என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம்.

முள்ளு அளந்தாள். ஐந்நூற்று அறுபத்தேழு வந்தது. மறுபடி அளந்தாள். அறுபத்தேழு. பக்கத்து மேசைப் பையன், "ஏய், அளந்துக்கிட்டே இருந்தா ரெக்கார்ட் எப்ப எழுதுவே? எண்பத்தொன்பதை வச்சுக்கிட்டுப் பின்னாலருந்து வா. கோணம் தானா வரும்" என்றான். அங்கே அதுதான் நடைமுறை. விடையை முதலில் எழுதிவிட்டு, அதிலிருந்து கணக்கைத் தலைகீழாகப் போட்டு, எந்தக் கோணம் வந்திருக்க வேண்டுமோ அதை நிரப்பி, நம்பும்படியாக இருக்கட்டும் என்று கடைசி இலக்கத்தைக் கொஞ்சம் கலைத்துவிடுவார்கள். மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்த மூத்தவர்களுக்கு அவர்களின் மூத்தவர்கள்.

முள்ளு தன் ரெக்கார்ட் நோட்டில் இப்படி எழுதினாள்: "இந்தக் கருவியை நம்பினால், சூரியன் நம்மை நோக்கி நொடிக்குப் பதினோராயிரம் கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது. நான்கு மணி நேரத்துக்குள் வந்து சேரும். மேசை மேல் உள்ள சோடியம் விளக்கும் அதே வேகத்தில் வருகிறது. விளக்கு இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. எனவே பிழை கருவியில்."

துறைத்தலைவர் சிவப்பு மையில் 'திருத்தி எழுதுக' என்று போட்டார். அவள் திருத்தவில்லை. மறுபடி போட்டார். மறுபடியும் அவள் அதையே கொண்டுபோய் நீட்டினாள். மூன்றாம் முறை நோட்டை மூடித் தள்ளிவிட்டார். கையெழுத்தில்லாத நோட்டோடு செய்முறைத் தேர்வுக்குள் விடமாட்டார்கள். தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. அது போனால் வருடம் போச்சு. வருடம் போனால் மச்சானின் கல்லா.

செய்தி எப்படியோ இரும்புக்கடைக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை நாலாயிரத்தை வாங்கிக்கொண்டே மச்சான், "கல்லாவுக்குப் புது நாற்காலி சொல்லியிருக்கேன் மாப்ள. முதுகுக்கு மெத்தை வச்சது. பிள்ளை நாள் முழுக்க உக்காரணும்ல" என்றார். கடைப் பையன்கள் சிரித்தார்கள்.

தராசுக்காரர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மகள் முன்னால் நின்றார். அன்று அவர் சொன்னது அவர் வாயிலிருந்து வந்திருக்கக்கூடாத சொல். ஆனால் வந்துவிட்டது, உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

"எல்லாரும் எழுதுறதை எழுதிட்டுப் போயேன்மா. ஒரு நம்பர்தானே. யாருக்குத் தெரியப் போகுது?"

முள்ளு புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்ப மாமா கடைத் தராசுல இருநூறு கிராம் வச்சுக் குடுத்திருக்கலாமேப்பா. அதுவும் ஒரு நம்பர்தானே."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. தராசுக்காரரைச் செவிட்டில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது. வெளியே போய்த் தெருக்குழாயில் முகத்தைக் கழுவினார், இரண்டு முறை. திரும்பி வந்து, "நாளைக்கு எத்தனை மணிக்கு உங்க பெரிய வாத்தியார் வருவாரு?" என்று கேட்டார்.

"எதுக்குப்பா?"

"கடைக்கு நாளைக்கு லீவு."

முப்பது வருடத்தில் வேலை நாளில் அவர் கடைக்குப் பூட்டுப் போட்ட நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

துறைத்தலைவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். மேசை நிறைய நோட்டுகள். "நீங்கதான் அப்பாவா? உக்காருங்க. என்ன தொழில்?"

"தராசு சார்."

"விக்கிறீங்களா?"

"திருத்துறேன்."

"உங்க பொண்ணு கெட்டிக்காரி. ஆனா வாய் கொஞ்சம் ஜாஸ்தி."

"வாய் அம்மா வழி சார். கெட்டிக்காரத்தனம் என் வழின்னு சொல்லிக்குவேன், வீட்டுக்காரி இல்லாத இடத்துல."

துறைத்தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இதைக் கேளுங்க. ஆறு வருஷமா அதே கருவியில நானூறு பசங்க அளந்திருக்காங்க. எல்லாருக்கும் ஐந்நூத்தி எண்பத்தொன்பது. இவ ஒருத்திக்கு மட்டும் அறுபத்தேழு. தப்பு யார் பக்கம்? நீங்களே சொல்லுங்க."

"எங்க தொழில்ல ஆளை எண்ணமாட்டோம் சார். நானூறு பேர் சரின்னு சொன்ன தராசும் என் கடைக்கு வந்திருக்கு, ஒருத்தர் சந்தேகப்பட்ட தராசும் வந்திருக்கு. ரெண்டுக்கும் ஒரே வைத்தியம்தான். கல்லை மாத்திப் போட்டுப் பாப்போம்."

"அதைத்தான் சார் மூணு வாரமாக் கேக்குறேன்" என்றாள் முள்ளு. "அலமாரியில சீல் பிரிக்காத கிரேட்டிங் ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு தடவை மாத்திப் பாக்க விடுங்க."

"அது விலை கூடின சாமான்மா. வெளியில எடுக்கறதுன்னா எழுதிக் கேக்கணும், மேல போகணும், வரணும்..."

தராசுக்காரர் எழுந்தார். வெளியே போகிறார் என்று துறைத்தலைவர் நினைத்தார். அவர் பக்கத்துச் சோதனைக்கூடத்துக்குள் போய், அந்தக் கருவியின் முன்னால் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எழுதிக் கேளுங்க சார். மேல போயிட்டு வரட்டும். நான் இங்கயே இருக்கேன். எனக்கு எழுதப் படிக்க அவ்வளவா வராது, உக்காரத் தெரியும்."

பின்னாலேயே வந்த துறைத்தலைவர் அவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அடுத்த வகுப்புக்காக வாசலில் கூடிவிட்ட மாணவர்களைப் பார்த்தார். "அட்டெண்டர்! அந்த அலமாரியைத் திறங்க" என்றார்.

அட்டெண்டருக்கு ஓய்வு பெறும் வயது. சாவிக்கொத்தில் தவறான சாவியாகவே எடுத்துப் போட்டுப் பார்த்தார். முள்ளுதான் வாங்கித் திறந்தாள். புதுக் கண்ணாடியைப் பொருத்தினாள். சோடியம் விளக்கை ஏற்றி, குழாயை நகர்த்தி, மஞ்சள் கோட்டை அதற்குள் தெரியும் குறுக்கு இழையில் நிறுத்தினாள். பிறகு விலகி நின்றாள். "நீங்களே பாருங்க சார்."

துறைத்தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். கோணத்தை அவரே படித்தார். கரும்பலகை ஓரத்தில் அவரே கணக்குப் போட்டார். கடைசியில் ஐந்நூற்று எண்பத்தொன்பது என்று எழுதினார். எழுதிய சுண்ணாம்புக்கட்டியை விரலிடுக்கிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அட்டெண்டர் முன்னால் வந்தார். "ஐயா, ஆறு வருஷத்துக்கு முன்னாடி துடைக்கும்போது கை தவறிடுச்சு. சம்பளத்துல பிடிச்சிடுவாங்கன்னு பயம். உடைஞ்ச சாமான் பெட்டியில வேற ஒரு கண்ணாடி கிடந்துச்சு. அதைப் பழைய சட்டத்துல மாட்டிட்டேன். சீட்டை மாத்தலை. எல்லாக் கண்ணாடியிலயும் கோட்டுக் கணக்கு ஒண்ணுதான்னு நினைச்சேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை... ஆறு வருஷமா ஒருத்தரும் கேக்கலைங்கய்யா."

தராசுக்காரர் முக்காலியில் இருந்தபடியே, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்:

"அப்ப அந்த நானூறு பேருக்கும் எப்படி சார் சரியா வந்துச்சு?"

வாசலில் நின்ற ஒரு பையன் கொல்லென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். பக்கத்து மேசைக்காரன் தன் நோட்டை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். துறைத்தலைவர் நாற்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்தார்.

"நானும் இப்படித்தாங்க எழுதிப் பாஸ் பண்ணேன்" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். பிறகு அட்டெண்டர் பக்கம் திரும்பினார்.

"இவர் சம்பளத்துல கை வைக்காதீங்க சார்" என்று தராசுக்காரர் குறுக்கே விழுந்தார். "இவர் உடைச்சது ஒரு கண்ணாடிதான்."

துறைத்தலைவருக்கு அது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, சூரியன் நான்கு மணி நேரத்தில் வந்து சேரும் பக்கத்தில், தன்னுடைய மூன்று சிவப்பு வரிகளுக்கும் குறுக்கே கோடு போட்டு, கீழே முழுக் கையெழுத்துப் போட்டார். வாசலில் நின்ற வகுப்பைப் பார்த்து, "எல்லாரும் நாளைக்கு வெறும் நோட்டோட வாங்க. முதல்லேருந்து அளக்கப் போறோம்" என்றார். அன்று மூன்றாம் வருட வகுப்பு மொத்தமும் தராசுக்காரரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கடன்காரன்கூட அப்படிப் பார்க்கமாட்டான்.

முள்ளு தேர்வு எழுதினாள். எல்லாத் தாளும் ஒரே மூச்சில். வகுப்பில் முதல் இடம் இல்லை, நான்காவது. தராசுக்காரர் தெருவில் சொன்னது முதலாவது என்று. "ஏம்ப்பா பொய் சொல்றீங்க?" என்று அவள் சண்டைக்கு வந்ததும் மறுநாளே கடை கடையாகப் போய், "நாலாவதுதான். ஆனா முன்னாடி இருக்கற மூணு பேரும் பின்னாலருந்து கணக்குப் போட்டவங்க" என்று திருத்திவிட்டு வந்தார். மேற்படிப்புக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அங்கே போனதும் அவளுக்குக் கொடுத்த முதல் வேலை, ஒரு ஜோடி நட்சத்திரத்தை எடை போடுவது.

கடனில் மாதம் நாலாயிரம் வீதம் முப்பத்தாறு மாதம் போக, மிச்சம் முப்பத்தாறாயிரம் நின்றது. தவணையாகவே கொடுத்திருக்கலாம். மச்சானும் அவசரப்படுத்தவில்லை. ஆனால் தராசுக்காரர் அந்த வருடம் அரசு முத்திரை போடும் காலத்தில் பக்கத்து இரண்டு ஊர்க் கடைகளின் தராசுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். மூன்று மாதம், ஞாயிறு தவறாமல், பொழுது விடிந்ததிலிருந்து அடையும் வரை. கட்டை விரலில் நகம் போனது. பணம் சேர்ந்தது.

கடையில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனார். மெத்தை வைத்த நாற்காலி கல்லாவில் இருந்தது. மச்சானே அதில் உட்கார்ந்திருந்தார். "வா மாப்ள! கேள்விப்பட்டேன். பரவால்லயே, நம்ம பிள்ளை ஜெயிச்சிட்டாளே!" என்று எழுந்து வந்தார். உண்மையான சந்தோஷம்தான் அது, பாதிக்கு மேல். "ஆமா, மிச்சம் முப்பத்தாறா? அதை விட்டுடு மாப்ள. தாய்மாமன் குடுத்த பரிசா இருக்கட்டும்."

வந்திருந்தவர்களெல்லாம் மச்சானின் பெருந்தன்மையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பரிசு குடுக்கணும்னா வீட்டுக்கு வந்து அவ கையில குடுங்க மச்சான். வாங்கிக்குவா. இது கடன். கையை நீட்டுங்க."

"ஏன்யா, கல்லாவுல வையேன்."

"கல்லா வேணாம். கையில."

மச்சான் சுற்றிலும் பார்த்தார். பிறகு வலது கையை விரித்து நீட்டினார். தராசுக்காரர் ஒவ்வொரு தாளாக, வாய்விட்டு எண்ணி, அந்த உள்ளங்கையில் வைத்தார். எல்லாம் ஐந்நூறு தாள். இருபதுக்கு மேல் அடுக்கு சரியத் தொடங்கியது. நேராக்கிவிட்டு மேலே போனார்.

"கை வலிக்குது மாப்ள."

"முப்பத்திரண்டு. பொறுங்க, இன்னும் நாப்பது இருக்கு. முப்பத்திமூணு."

ஆணி வாங்க வந்த தச்சன் தன் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு அவரோடு சேர்ந்து உதட்டை அசைத்து எண்ணினான். மச்சான் இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டார். அறுபது. எழுபது. எழுபத்தொன்று. கடைசித் தாளைத் தராசுக்காரர் இரு பக்கமும் திருப்பிப் பார்த்து, மடிப்பை நீவி, மேலே வைத்து, நகம் போன கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினார்.

"எழுபத்திரண்டு."